மாடத்தி எதிர் இந்திய ஒன்றியம்

மட்டாஞ்சேரி
23 ஜூன் 2024

ரோஜா அப்பாவுக்கு,

இங்கே நானும் ரோஜாவும் சுகம். மழைதான் விடாமல் பெய்கிறது. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? படுக்கப் பாய் தந்தார்களா, சோறு வாய்க்குப் பிடிக்கிறதா, ஒன்று விடாமல் எழுதுங்கள்.

உங்களை ஜீப்பில் ஏற்றிப் போய் இன்றோடு பதினோரு நாள். ஏப்ரலில் பிடித்தபோதாவது எதற்கு என்று தெரிந்தது. தோப்பும்படிப் பாலத்தருகே சுங்கத்துறை ஆட்கள் உங்கள் மினி லாரியை மறித்தார்கள். வல்லார்பாடம் துறைமுகத்திலிருந்து நீங்கள் ஏற்றி வந்த பம்ப் செட்டுகளுக்குள் தங்கம் இருந்தது என்றார்கள். மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தினார்கள், மூன்று வாரத்தில் அவர் ஜாமீன் தந்தார். வழக்கு நடக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்களும் சொன்னீர்கள். உங்கள் முதலாளி துபாய்க்குப் பறந்தபோதுகூட நீங்கள் இங்கேதான் இருந்தீர்கள். இப்போது மாஜிஸ்ட்ரேட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. தில்லியிலிருந்து ஒரு தாள் வந்தது. அதைக் காட்டித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு வருடம் வரை வைக்கலாமாம்.

உங்களுக்கு போன் பேச இன்னும் அனுமதி ஆகவில்லை என்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது வரை மலையாளத்தில் படித்தவள் நான். இந்த எழுத்து கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் பழக்கியது. மலையாளத்தில் ந, ன இரண்டுக்கும் ஒரே எழுத்து. அந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் கால் தடுக்கும். தப்பு இருந்தால் சிரியுங்கள்.

வழக்கம்போல் சுக்குக் கிடங்குக்கு வேலைக்குப் போய்வருகிறேன். கவலை வேண்டாம்.

கடிதத்தை அங்கே தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி படித்த பிறகுதான் உங்களிடம் தருவாராம். படிக்கிறவருக்கும் என் வணக்கம்.

உங்கள்
மாடத்தி


திருவனந்தபுரம்
6 ஜூலை 2024

அன்பு மாடத்திக்கு,

உன் கடிதம் வந்தது. இருமல் குறைந்துவிட்டது. பாய் உண்டு, விசிறி உண்டு, சோறு பெரிய அரிசி. உன் ரசத்தை நினைத்துக்கொண்டு விழுங்கிவிடுகிறேன். கடிதத்தில் மூன்று இடத்தில்தான் தப்பு. சிரித்தேன். பக்கத்துப் பாயில் இருக்கும் முகமது இஸ்மாயில், "எந்தா சேட்டா, நல்ல விசேஷமா?" என்று கேட்டான். வைப்பின் தீவுக்காரன், முப்பது வயதுதான் இருக்கும். என்னைப் போலவே விசாரணை இல்லாமல் உள்ளே இருக்கிறான்.

வந்த நாலாம் நாள் ஒரு கட்டுத் தாள் கொடுத்தார்கள். இருநூற்றுப் பதினான்கு பக்கம். முன்னால் கொஞ்சம் மலையாளம், மற்றதெல்லாம் ஆங்கிலம். கடைசியில் ஓர் இடத்தைக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். என்னை ஏன் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பது அந்தக் கட்டுக்குள்தான் இருக்கிறதாம். தலைமாட்டில் வைத்துப் படுக்கிறேன். அத்தனை பக்கத்துக்கு என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

ரோஜா ஆறாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டாளா? நான் இருந்திருந்தால் போட்டுக்கொடுத்திருப்பேன். மழையில் அவளை அந்தச் சாக்கடை ஓரமாக நடக்கவிடாதே.

முடிந்தால் ஒரு வக்கீலைப் பார். முடியாவிட்டாலும் பரவாயில்லை, நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

சங்கரலிங்கம்


மட்டாஞ்சேரி
17 ஜூலை 2024

ரோஜா அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ரோஜாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது ஓடியாடுகிறாள்.

வக்கீல் கிடைத்துவிட்டார். இலவச சட்ட உதவியில் அனுப்பினார்கள். பெயர் ஸாதனா. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், ரொம்ப காலமாகக் கொச்சியில் இருக்கிறார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார். போர்ட் கொச்சியிலிருந்து வாட்டர் மெட்ரோ படகில் ஹைகோர்ட் துறையில் இறங்கி, அவர் ஆபீஸுக்கு நடந்தே போனேன்.

நான் முதலில் கேட்டது இதைத்தான். "விசாரணையே பண்ணாம ஒரு ஆளை அடைச்சு வைக்க அவங்களுக்கு யாரும்மா அதிகாரம் கொடுத்தா?"

"அரசியல் சட்டமேதான் கொடுத்திருக்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். "பதறாதீங்கோ. இருபத்திரண்டாம் பிரிவு. ஒரு கையால அதிகாரத்தைக் கொடுத்துட்டு, அதே பக்கத்துல கட்டும் போட்டிருக்கு, கேட்டேளா. எதுக்காகப் பிடிச்சோம்னு அவர்கிட்ட சொல்லியாகணும். அவர் மறுத்துப் பேச சீக்கிரமா வழி விடணும். மூணு மாசத்துக்கு மேல வைக்கணும்னா, ஜட்ஜா இருக்கத் தகுதி உள்ளவா சேர்ந்த ஒரு போர்டு, போதுமான காரணம் இருக்குன்னு சொல்லணும். இதெல்லாம் தில்லிக்கும் சேர்த்துத்தான். ஒண்ணை விட்டாலும் ஹைகோர்ட் கதவைத் திறக்கச் சொல்லும்."

"சொல்றதுன்னா, அவருக்குப் புரியற பாஷையில சொல்லணுமா?"

"அதான் விஷயமே" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "புரியாத பாஷையில சொன்னா சொல்லாததுக்குச் சமம். கோர்ட் பல தடவை சொல்லியிருக்கு. அவருக்கு மலையாளம் வாயிக்கத் தெரியாதில்லையா?"

பேச வரும் என்றேன். படகுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. "எனக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும், தாள்களைத் தமிழில் தாருங்கள், என்னை விடுவியுங்கள்" என்று உங்கள் கையாலேயே தமிழில் எழுதிச் சிறை அதிகாரியிடம் கொடுங்கள். அது தில்லிக்குப் போகும். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறக்காமல் சாப்பிடுங்கள்.

மாடத்தி


திருவனந்தபுரம்
2 ஆகஸ்ட் 2024

அன்பு மாடத்திக்கு,

சுகமாக இருக்கிறேன். ரோஜாவின் காய்ச்சலை அது போன பிறகு எழுதியதற்கு நன்றி. அந்த இரண்டு நாளும் தூங்கியிருக்க மாட்டேன்.

மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், சர்க்காருக்கு எழுதியது இதுதான் முதல் தடவை. "மாண்புமிகு" என்று தொடங்கிவிட்டு மேலே என்ன எழுதுவது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உனக்கு எழுதுவதுபோலவே எழுதிவிட்டேன். "ஐயா, என்னை எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். சொன்னால் பதில் சொல்வேன்" என்று. கண்டபடி எழுதிவிட்டேனோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதின்மூன்றாம் தேதி போர்டு முன்னால் நிறுத்துவார்களாம். அங்கே வக்கீல் வரக் கூடாதாம். நான் மட்டும்தான் பேச வேண்டும்.

இன்னொன்று. உன் போன கடிதத்தில் இறால் வாசனை அடித்தது. சுக்குக் கிடங்கில் வேலை செய்கிறவள் கடிதத்தில் இறால் வாசனை எப்படி வரும்? தோப்பும்படிக்கு இறால் உரிக்கப் போகிறாயா? கிடங்கில் உன்னை நிறுத்திவிட்டார்களா? என்னால்தானே? விரல் நுனியெல்லாம் புண்ணாகியிருக்கும். உள்ளதை எழுது.

சங்கரலிங்கம்


திருவனந்தபுரம்
21 ஆகஸ்ட் 2024

அன்பு மாடத்திக்கு,

நீயும் ரோஜாவும் எப்படி இருக்கிறீர்கள்? பத்தொன்பது நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பார்க்கவும் வரவில்லை. இறாலைப் பற்றிக் கேட்டதில் கோபமோ என்னவோ. கோபமென்றால் கோபம் என்று ஒரு வரி எழுது, போதும்.

போர்டு முன்னால் நின்றேன். மூன்று பேர். மரியாதையாகத்தான் பேசினார்கள், உட்காரச் சொன்னார்கள். நடுவில் இருந்தவர் மலையாளத்தில், "என்ன சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். நானும் எனக்குத் தெரிந்த மலையாளத்தில், "தாள் எனக்குப் புரியவில்லை சாரே" என்றேன். ஓரத்தில் இருந்தவர், "மலையாளம் அறியாமல்லோ!" என்றார், தெரிகிறதே என்று.

"பேசுவேன் சாரே. பதினொரு வருஷமா லாரி ஓட்டுறேன், பேசாம முடியுமா? எழுத்து தெரியாது. பஸ் போர்டைக்கூட நிறத்தையும் நம்பரையும் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன்" என்று சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்த பிறகுதான் சொல்ல வேண்டிய எல்லாம் நினைவுக்கு வந்தது.

தில்லிக்கு எழுதிய மனுவுக்கும் பதில் வந்துவிட்டது. முடியாது என்று. அந்தப் பதிலும் மலையாளத்தில்தான் இருந்தது. இஸ்மாயில் வாசித்துக் காட்டினான். எனக்கு மலையாளம் படிக்கத் தெரியும் என்பதற்கு என்னவோ காரணம் எழுதியிருக்கிறார்கள். அதை விடு.

மாடத்தி, நீ எதை எழுதாமல் விட்டாலும் எனக்கு வருத்தமில்லை. நீ எழுதாமலே இருப்பதுதான் வருத்தம்.

சங்கரலிங்கம்


மட்டாஞ்சேரி
10 செப்டம்பர் 2024

ரோஜா அப்பாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். கோபம் ஒன்றுமில்லை.

ஆமாம், இறால் ஷெட்டுக்குத்தான் போகிறேன். ஜூன் மாதமே கிடங்கில், கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விரலுக்கு உறை வாங்கிவிட்டேன். இதைச் சொல்லாமல் இருந்தது தப்புதான்.

ஸாதனா மேடம் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டுவிட்டார். நீங்கள் உள்ளே இருப்பதால் நான்தான் மனுதாரர். பட்டியலில் நம் வழக்கைக் கைபேசியில் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். மாடத்தி எதிர் இந்திய ஒன்றியம். எனக்கு உள்ளங்கால் கூசியது. "என்னம்மா இது, இவ்வளவு பெரிய நாட்டுக்கு எதிரா என் பேரைப் போட்டிருக்கு?" என்றேன்.

"நாட்டுக்கு எதிரா இல்லை. அரசாங்கத்துக்கு எதிரா. இரண்டும் வேற வேற" என்றார். "நீங்க கேட்டா அவா பதில் சொல்லியே ஆகணும். பேசாம இருக்க அவாளுக்கு அனுமதி கிடையாது."

அவர்கள் பதில் அடுத்த வாரம் வருமாம்.

ஞாயிற்றுக்கிழமை ஓணம். ரோஜா பூ வாங்க வேண்டும் என்கிறாள். நான் உங்களைப் பார்க்க வராமல் இருப்பதற்கு வேலை காரணமில்லை, பஸ்ஸும் காரணமில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இப்போது தைரியம் இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள். நானே எழுதுவேன்.

மாடத்தி


திருவனந்தபுரம்
22 செப்டம்பர் 2024

அன்பு மாடத்திக்கு,

நலமாக இருக்கிறேன். ஓணத்துக்கு இங்கேயும் பாயசம் தந்தார்கள். ரோஜா போட்ட பூக்கோலத்தை நீ எழுதாததால் நானே மனதில் ஒன்று போட்டுப் பார்த்துக்கொண்டேன். நடுவில் செவ்வந்தி.

போர்டு, போதுமான காரணம் இருக்கிறது என்று சொல்லிவிட்டதாம். ஒரு வருடம் என்று உறுதிப்படுத்தி உத்தரவு வந்துவிட்டது. அடுத்த ஜூன் வரை. இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். மேடம் எப்படியும் சொல்லிவிடுவார், என்னிடமிருந்தே வரட்டும் என்று எழுதுகிறேன். மூன்று பேர் பார்த்து இப்படிச் சொன்ன பிறகு, ஹைகோர்ட் என்ன செய்துவிடப் போகிறது என்று ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு எழுந்து குளித்தேன்.

ஏன் என்று கேட்காதே என்றாய். கேட்கவில்லை. உனக்கு எப்போது வர முடியுமோ அப்போது வா. வராவிட்டாலும் நீ என் மாடத்திதான்.

சங்கரலிங்கம்


மட்டாஞ்சேரி
9 அக்டோபர் 2024

ரோஜா அப்பாவுக்கு,

இதைப் படிக்கும்போது உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அரசாங்கத்தின் பதில் வந்துவிட்டது. உங்களுக்கு மலையாளம் நன்றாகப் படிக்கத் தெரியும் என்கிறார்கள். அதற்குச் சாட்சி யார் தெரியுமா? நான்.

ஏப்ரலில் வீட்டைச் சோதனை போட வந்தார்களே, அன்று நீங்கள் அவர்கள் ஆபீஸில் இருந்தீர்கள். வீட்டில் நானும் ரோஜாவும்தான். வாசலில் நம் வரிசையின் எட்டு வீட்டுப் பெண்களும் கூடிவிட்டார்கள். ஓர் அதிகாரி எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். ஊர், படிப்பு, வேலை. பிறகு, "புள்ளிக்காரனு மலையாளம் வாயிக்கான் அறியுமோ?" என்றார், உங்களுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியுமா என்று. வாசலில் யாரோ, "பாண்டியல்லே, எவிடெ அறியான்!" என்றாள், தமிழன்தானே, எங்கே தெரியப்போகிறது என்று. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "நல்லோணம் வாயிக்கும், தினமும் பேப்பர் வாயிக்கும்" என்றேன். எழுதி என் முன்னால் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி நீங்கள் இங்கே வந்த முதல் மாதத்திலிருந்தே அவர்களிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். என் புருஷனை யாரும் எழுத்தறியாதவர் என்று நினைக்கக் கூடாது என்று. ஒரு தமிழ்ப் பத்திரிகையை நீங்கள் எத்தனை ஆசையாக ஓரம் வரை படிப்பீர்கள் என்று எனக்குத்தான் தெரியும். அவர்களுக்குத் தெரியாதே. நீங்கள் எனக்குத் தமிழ் சொல்லித் தந்தீர்கள். உங்களுக்கு மலையாளம் சொல்லித் தர எனக்குத் தோன்றவே இல்லை. பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

மேடம் அந்தத் தாளை என் முன்னால் வைத்து, "இது உங்க கையெழுத்தா?" என்றார். ஆமாம் என்றேன். "இதுல இருக்கறது நிஜமா? நிஜம்னா கேஸை வேற வழியில பார்ப்போம். பொய்ன்னா அதை நீங்களே கோர்ட்ல சொல்லணும். நான் உங்களை எதுக்கும் வற்புறுத்த மாட்டேன்."

"பொய்ன்னு சொன்னா என்னையும் உள்ளே போடுவாங்களா?" என்று கேட்டேன்.

"போட மாட்டான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. கேள்வி வரும். ஆனா அன்னிக்கு நீங்க சொன்னது சத்தியப் பிரமாணம் பண்ணிச் சொன்னதில்லை. இனி சொல்லப்போறதுதான் சத்தியம்."

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். ரோஜா தூங்கும்போது பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் உள்ளே போனால் இவளுக்கு யார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் போய்ப் பிரமாணப் பத்திரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாசலில் நின்றவர்கள் சிரித்தது வரை அதில் இருக்கிறது. உங்களிடம் சொல்லும் முன் கோர்ட்டில் சொல்லிவிட்டேன். அதற்கும் சேர்த்து மன்னியுங்கள்.

நீங்கள் தலைமாட்டில் வைத்துப் படுக்கும் அந்தக் கட்டுக்குள் என் பொய்யும் இருக்கிறது.

மாடத்தி


மட்டாஞ்சேரி
26 அக்டோபர் 2024

ரோஜா அப்பாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் நேற்று நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

நேற்று வழக்கு வந்தது. இரண்டு ஜட்ஜுகள். எல்லாம் ஆங்கிலம். மேடத்தின் ஜூனியர் என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அரசாங்க வக்கீல், பதினொரு வருடக் கொச்சி வாசம், மனைவியின் வாக்குமூலம், தாள்கட்டைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து என்று மூன்றையும் அடுக்கினார். தாள்களில் உள்ளதை வாயாலும் விளக்கினோம் என்றார். மூத்த ஜட்ஜ், "வாயால் சொன்னது காற்றோடு போகும். அவர் தனியாக உட்கார்ந்து படித்துப் பதில் எழுத வேண்டாமா?" என்று கேட்டாராம். பிறகு அசல் கோப்பைக் கேட்டு வாங்கினார். கடைசிப் பக்கத்தில் உங்கள் கையெழுத்துக்கு மேலே மலையாளத்தில் ஒரு வரி இருந்ததாம், "வாயிச்சு மனசிலாயி" என்று. படித்துப் புரிந்துகொண்டேன் என்று அர்த்தம்.

"இந்த வரி யாருடைய எழுத்து?" என்று கேட்டார்.

அரசாங்க வக்கீல் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்ற அதிகாரி, "அவர் சொல்லி நான் எழுதினேன்" என்றார்.

"மலையாளம் தெரிந்தவர் என்றால் அவரே எழுதியிருக்கலாமே. கையெழுத்து ஏன் தமிழில் இருக்கிறது?"

அரசாங்க வக்கீல் தன் தாள்களைப் புரட்டினார். பிறகு ஜட்ஜ், மனைவி வந்திருக்கிறாரா என்று கேட்டார். மேடம் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் மலையாளத்தில் என்னிடமே கேட்டார், அன்று ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"ஆள்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள் சாரே. சிரித்தார்கள். எனக்கு நாணக்கேடாக இருந்தது" என்றேன். அவர், உட்காருங்கள் என்றார். திட்டவில்லை. தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரோஜா கேட்டாள். "அப்பா தங்கம் கடத்தினாரா இல்லையான்னு ஜட்ஜ் கேக்கவே இல்லையாம்மா?"

கேட்கவில்லை. வெளியே வரும்போது நானும் மேடத்திடம் அதைத்தான் கேட்டேன். அது கீழ்க்கோர்ட் விசாரணையில் தீர வேண்டியது, இங்கே கேட்பது அரசாங்கம் தன் எல்லைக்குள் நின்றதா என்று மட்டும்தான் என்றார். எனக்கு அது பாதி ஆறுதல்தான். எட்டு வீட்டுக்காரர்களும் மற்றப் பாதியைத்தான் கேட்பார்கள். நான் உங்களிடம் கேட்கமாட்டேன். இதுவரை கேட்டதுமில்லை.

தீபாவளிக்கு ரோஜாவுக்குச் சட்டை எடுத்துவிட்டேன். மஞ்சள் நிறம்.

மாடத்தி


ரயிலில்
14 நவம்பர் 2024

அன்பு மாடத்திக்கு,

நான் நலம், நீ நலமா என்று இன்னும் சில மணி நேரத்தில் நேரிலேயே பார்த்துவிடுவேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. உன் கையிலேயே தருகிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் கொல்லத்தில் ஒரு பேனா வாங்கி எழுதுகிறேன். இடையில் யாரும் படிக்காத கடிதம் இது ஒன்றுதான்.

நேற்று மாலை சூப்பிரண்டு கூப்பிட்டார். மேசையில் ஹைகோர்ட் உத்தரவு. புரியாத மொழியில் கொடுத்தது கொடுத்ததாகாது, பதில் சொல்லும் உரிமை வெறும் பேச்சாகிவிட்டது, தில்லியின் உத்தரவு செல்லாது, வேறு வழக்கில் தேவையில்லை என்றால் உடனே விடவும் என்று அதில் இருப்பதாகத் தமிழ் அதிகாரி வரி வரியாகச் சொன்னார். நம் கடிதங்களையெல்லாம் படித்தவர் அவர்தான். "உங்க வீட்டுல எழுதின வணக்கத்துக்கு நான் இதுவரை பதில் சொல்லல. சொல்லிடுங்க" என்றார். இஸ்மாயில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அவனுடைய தாள்கள் அவனுக்குப் புரிகிற மொழியிலேயே இருக்கின்றன. அதனால் அவன் இன்னும் உள்ளேதான்.

உன் அக்டோபர் கடிதங்கள் இரண்டும் தீபாவளிக்கு முந்தின நாள்தான் கைக்கு வந்தன. பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்தேன். எழுத வேண்டியது இன்னொருவர் மேசை வழியாகப் போகக் கூடாதது. இப்போது எழுதுகிறேன்.

நீ சொன்னது எனக்கு ஜூன் மாதமே தெரியும். தாள்கட்டைக் கொடுத்த அன்று பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனேன். நூற்று எண்பதாவது பக்கமோ என்னவோ, கீழே தமிழில் "மாடத்தி" என்று இருந்தது. எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே சொல். நான் பழக்கிய எழுத்து. இஸ்மாயிலிடம் இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றேன். அவன் வாசித்துச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நான் என்ன நினைத்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். கோபம் வரவில்லை. நாலு பேர் முன்னால், சர்க்கார் ஆள் முன்னால், என் புருஷன் தினமும் பேப்பர் படிக்கிறவன் என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது. உன் பெயர் இருந்ததால் அந்தப் பக்கத்தை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். நீ பொய் சொன்னாய் என்று நான் எழுதி, அது உனக்கு வினையாக முடியக் கூடாது என்றுதான் பேசாமல் இருந்தேன். நீயாக எழுந்து நின்று சொல்வாய் என்று நினைக்கவே இல்லை. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

இனி நான் சொல்ல வேண்டியது. நீ கேட்கமாட்டேன் என்றாய். ஐந்து நடை அந்தப் பெட்டிகளை ஏற்றினேன். முதல் இரண்டு நடையில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது நடையில் ஒரு பெட்டியை இறக்கும்போது கை தாழ்ந்தது. பம்ப் செட்டு எவ்வளவு கனக்கும் என்று தெரியாதவனா நான்? முதலாளியிடம், "இது என்ன இப்படிக் கனக்குது?" என்றேன். "வண்டிய மட்டும் ஓட்டுடா" என்றார். ஓட்டினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று சத்தியமாகத் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்கப் பார்த்தேன். அது உண்மை.

வழக்கு இருக்கிறது. அதில் மாஜிஸ்ட்ரேட் என்னைக் கேட்பார், நான் இதையே சொல்வேன். தண்டனை வந்தாலும், கேட்டு, பதில் வாங்கி, அதன் பிறகு தரட்டும். அப்படி வந்தால் எனக்கு அதில் மனக்குறை இல்லை. ரோஜாவிடமும் நானே சொல்கிறேன். நீ சொல்ல வேண்டாம்.

எதிர் இருக்கையில் ஓர் அம்மா, கோட்டயத்தில் ஏறியவர், நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எவிடுந்நா வருன்னே?" என்று கேட்டார். எங்கிருந்து வருகிறாய் என்று. பேனாவை மூடினேன். பிறகு, "ஜெயிலிலிருந்து" என்றேன்.

அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "கேஸ் கழிஞ்ஞோ?" என்றார், வழக்கு முடிந்ததா என்று.

"இல்லை. இனிதான்."

"இப்போ எங்ஙோட்டா?"

"வீட்டுக்கு."

அவர் பையைத் திறந்து, வாழைப்பழத்தில் பொரித்து இலையில் பொதிந்த பழம்பொரி ஒன்றை எடுத்து நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன்.

திருப்பூணித்துறை தாண்டிவிட்டது. எல்லோரும் எழுந்து பெட்டிகளை இறக்குகிறார்கள். மீதியைப் பேசிக்கொள்ளலாம்.

சங்கரலிங்கம்